என் புள்ளி வைத்த நாற்பது இதயங்கள்

மார்ச் 4, செவ்வாய்

நாற்பது இதயங்கள் திரும்பி வந்துவிட்டன.

காலைத் தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. பேக்கிங் அண்ணன் இரண்டு பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து என் நாற்காலியை ஒட்டி இறக்கினார். "முதலாளி கூப்பிடறாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் பேசியதில்லை.

முதலாளி ஒரு கடிதத்தை நீட்டினார். ஏதோ ஒரு நர்ஸிங் கல்லூரி ஆசிரியை எழுதியது. நம் பட்டறை அனுப்பிய இதய மாதிரிகளில் நுரையீரல் தமனி சிவப்பாகவும் நுரையீரல் சிரைகள் நீலமாகவும் இருக்கின்றனவாம். அதைப் பார்த்துப் படித்த முப்பத்தொரு பிள்ளைகள் தேர்விலும் அப்படியே எழுதிவிட்டார்களாம். யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறாள். கேட்கத்தான் செய்வாள்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினேன். உண்மைதான். தலைகீழ் வண்ணம். இடது மேலறையின் மேல் காது மடல்போல மடிந்திருக்கும் இடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி இருந்தது. நான் சரிபார்த்தேன் என்பதற்கு நான் வைக்கும் புள்ளி.

"இது உங்க புள்ளிதானே?" என்றார்.

"புள்ளி என்னுது. பெயிண்ட் என்னுது இல்ல."

"அப்ப யாரோடதுன்னு பதினாலாம் தேதிக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா செக்கிங்கை வேற யார்கிட்டயாவது கொடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்ல."

மெதுவாகத்தான் சொன்னார். அவர் அப்பா உட்கார்ந்த அதே நாற்காலி. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்.

மார்ச் 5, புதன்

நாளைக்கு எவளாவது என்னையே குழப்பப் பார்ப்பாள். அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

இதயத்துக்கு நான்கு அறை. மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் சுவர். நம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் இதயம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அதன் வலது நமக்கு இடது. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் விழுவதெல்லாம் இந்தப் பள்ளத்தில்தான். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் இரண்டு பெரிய சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வரும். நீலம். மூன்று இதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கு இறங்கும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்க் காற்றை வாங்கிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பும். பிறகு இரண்டு இதழ் வால்வு, இடது கீழறை. இந்த அறைக்கு மட்டும் சுவர் மூன்று மடங்கு தடிமன். உடம்பு முழுக்கத் தள்ளவேண்டுமே. கடைசியில் கைத்தடி போல வளைந்த பெருந்தமனி வழியாக வெளியே. சிவப்பு.

இதயத்தை விட்டுப் போகிற குழாய் சிவப்பு, இதயத்துக்கு வருகிற குழாய் நீலம். மேஜையில் எல்லாருக்கும் நான் சொல்லித் தந்தது இதுதான். இதற்கு அடங்காதவை ஐந்தே ஐந்து குழாய். நுரையீரலுக்குப் போகிற தமனி ஒன்று. போகிற குழாய்தான், ஆனால் உள்ளே ஓடுவது களைத்த ரத்தம், அதனால் நீலம். நுரையீரலிலிருந்து வருகிற சிரைகள் நான்கு. வருகிற குழாய்கள்தான், ஆனால் புது ரத்தம், அதனால் சிவப்பு.

இந்த ஐந்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒருத்தி அடிவண்ணம் பூசுவாள், ஒருத்தி கொழுப்புக்கு மஞ்சள், ஒருத்தி வால்வுகளுக்கு வெள்ளை, இப்படி ஐந்து கை தாண்டிக் கடைசியில் என்னிடம் வரும். ஐந்து குழாயை நானே அடிப்பேன், முழுவதையும் பார்ப்பேன், புள்ளி வைப்பேன். பார்த்து அடிப்பதற்காகச் சரியான வண்ணம் பூசிய மாதிரி இதயம் ஒன்று என் அலமாரியில். சாவி என் கைப்பையில்.

அப்படியிருக்க இன்னொரு கை எப்படி உள்ளே வந்தது? வந்த கை வேண்டுமென்றே வந்திருக்கிறது. என் புள்ளியையும் வைத்து என்னை மாட்டிவிட்டிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

மேஜையில் நேரடியாகவே கேட்டேன். "அந்த அஞ்சு குழாயை யார் தொட்டது?"

ஐந்து பேரும் அவரவர் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வால்வுக்காரி மட்டும் தொண்டையைச் செருமினாள். பிறகு அவளும் குனிந்துகொண்டாள். எல்லாரும் கூட்டு என்று தெரிந்துவிட்டது.

சாயங்காலம் கை கழுவும்போது சொட்டு பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேலை நேரத்துல கதை வேண்டாம்" என்றேன். வேலை முடிந்திருந்தது, ஆனாலும் சொன்னேன். இவள் ஏன் குழைகிறாள்?

சொட்டு என் தம்பி மனைவி. தம்பி கப்பலில் சமையல்காரன். ஒன்பது மாதம் தண்ணீர், மூன்று மாதம் வீடு. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்றாள். போன வருஷம் நான்தான் கூட்டிவந்து சேர்த்துவிட்டேன். முதல் வாரம் தரையெல்லாம் பெயிண்ட் சிந்தியதால் மேஜை அவளுக்கு வைத்த பெயர் இது. இப்போது அவள் கையிலிருந்து ஒரு துளி விழுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெருந்தமனியையும் பெரிய சிரைகளையும் அடித்து எண் ஒட்டுவது அவள் வேலை. அவளுக்கு அடுத்த கை என் கை.

சேர்ந்த இரண்டாம் மாதமே கேட்டாள், "இந்த அஞ்சை மட்டும் ஏன் அண்ணி விட்டுடறோம்?" என்று. "உனக்கு எதுக்கு அது, உன் வேலையைப் பாரு" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். சிரிப்பில் எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

மார்ச் 7, வெள்ளி

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். சொட்டு போகவில்லை.

மார்ச் 8, சனி

நான்கு இதயங்களை வீட்டுக்கு எடுத்துவந்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான். சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியால் புள்ளிகளைப் பார்த்தேன். என் புள்ளி வட்டமாக இருக்கும். பிரஷ்ஷை நேராக வைத்து நேராக எடுப்பேன். இந்த நான்கில் மூன்றுக்கு வால் முளைத்திருக்கிறது. இழுபட்ட புள்ளி. போலிப் புள்ளி. கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நாலு இதயத்துக்கு நடுவுல எங்க உக்காந்து சாப்பிடறது?"

"இங்க பாருங்க, வால் தெரியுதா?"

குனிந்து பார்த்தார். "அவசரத்துல வச்ச மாதிரி இருக்கு."

"போலின்னு சொல்றேன்."

"நீ சொன்னா சரி. முப்பது வருஷமா என் சட்டைப் பையைத் துழாவி அதுலயே போலி கண்டுபிடிக்கறவளாச்சே."

சிரிக்கிற நேரமா இது? தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். சாப்பிடட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டே யோசித்தேன். ஏன் யாருக்கும் சொல்லித் தரவில்லை என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம். இந்த நாற்காலியில் எனக்கு முன் ஒருத்தி இருந்தாள். எனக்கு எல்லாவற்றையும் சொல்லித் தந்தாள். ஐந்து குழாயையும், பின்பக்கம் பிரஷ் எப்படி நுழைய வேண்டும் என்பதையும். மூன்றே மாதம். என் கை அவள் கையைவிட வேகம் என்று பெரிய முதலாளி கண்டுகொண்டார். அவளைச் சிறுநீரக மேஜைக்கு அனுப்பிவிட்டு என்னை இங்கே உட்கார வைத்தார். சிறுநீரகத்தில் என்ன இருக்கிறது? வெட்டினால் நாலு வண்ணம், முடிந்தது. அவள் போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை. நாற்காலி கிடைத்த சந்தோஷம்.

அன்று முடிவு செய்தேன். ஐந்து குழாய் என்னோடு.

சொட்டு வேகமான கை. அதுவும் எனக்குத் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

இன்று மட்டும் மூன்று சங்கதி.

ஒன்று. அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மதியம் எல்லாரும் போன பிறகு எழுதுகிறாள். நான் தண்ணீர் பாட்டிலை மறந்த மாதிரி திரும்பி வந்தேன். சட்டென்று கையால் மூடினாள்.

இரண்டு. போகும்போது அவள் பை கனத்தது. துணிப்பையில் உருண்டையாக ஏதோ. நாங்கள் செய்கிற பொருளில் அந்த உருண்டை எதற்கு உண்டு என்று எனக்கா தெரியாது?

மூன்று. நாலு மணிக்கு முதலாளி அறைக்குள் போனாள். பத்து நிமிஷம். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நடிப்பு. வால்வுக்காரியிடம் "என்னவாம்?" என்றேன். "எங்களுக்கு எதுக்கு வம்பு" என்றாள். ஒரு மேஜைக்காரியை இன்னொருத்தி எதற்காக இப்படிப் பாதுகாக்கிறாள்?

என் தம்பி கட்டிக்கொண்டு வந்தவள். நான் கூட்டிவந்து உட்கார வைத்தவள். என் இடத்தையே பார்க்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பிடித்துவிட்டேன்.

காலையில் அவள் பையை மேஜைக்கு அடியில் வைத்தாள். அதே கனம். முதலாளி வண்ண டப்பாக்களைப் பார்க்க இந்தப் பக்கம் வந்தார். அதுதான் நேரம் என்று பட்டது. பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பா, சீப்பு, நோட்டு, ஒரு இதயம். ஓரத்தில் விரிசல் விட்டது, அச்சுக்காரர் கழித்துப் போட்டதாக இருக்கும்.

"பாருங்க" என்றேன்.

முதலாளி நோட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் இதயப் படம். முன்னிருந்து, பின்னிருந்து, பாதியாக வெட்டி. அம்புக்குறிகள். அறைகளின் பெயர், வால்வுகளின் பெயர். ஒவ்வொரு படத்திலும் அந்த ஐந்து குழாயைச் சுற்றி வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. திட்டம் போட்டே செய்திருக்கிறாள்.

சொட்டு கலைந்த சாமானை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "நான்தான் அடிச்சேன்" என்றாள். "ஆனா கேட்டுட்டுத்தான் அடிச்சேன். அண்ணி மகளுக்குக் குழந்தை பிறந்து ஊருக்குப் போயிருந்தாங்க. ஆர்டர் நிக்குது, முடிச்சு வைங்கன்னு நீங்க மேஜைக்குப் பொதுவா சொன்னீங்க. அலமாரி பூட்டியிருந்துச்சு. போன்ல படம் பார்த்தேன், ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு கலர். அதான் அண்ணிக்குப் போன் போட்டேன்."

"எனக்கு எந்தப் போனும் வரல."

"போட்டேன் அண்ணி. பேசினீங்க."

"வரவே இல்லன்றேன்."

முதலாளி என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். நான் இருபத்திரண்டு வருஷம், அவள் ஒரு வருஷம். "நீ வீட்டுக்குப் போம்மா. வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார் அவளிடம்.

சீப்பையும் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். இதயத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஐந்து குழாயையும் அதில் அடிக்காமல் விட்டிருந்தாள்.

எனக்கு வெற்றிதான். போன் வந்திருந்தால் எனக்குத் தெரியாதா? வந்திருந்தால் எழுதியிருப்பேன். எதைத்தான் நான் எழுதாமல் விட்டேன்?

அதே நாள், சாயங்காலம்

பழைய பக்கங்களைப் புரட்டினேன். புரட்டாமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 24, வெள்ளி. என் கையெழுத்துதான், எழுதியதே மறந்திருந்தது. அப்படியே எழுதுகிறேன்: "குழந்தை விடாமல் அழுகிறது. அதற்கு நடுவில் சொட்டு போன். ஐந்து குழாய்க்கு என்ன வண்ணம் என்று கேட்கிறாள். நான் இல்லாத நேரம் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறாள். உனக்குத் தெரிஞ்ச மாதிரி அடி என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாக வேண்டும்."

பிப்ரவரி 3, திங்கள்: "இன்று வேலைக்குத் திரும்பினேன். நாற்பது இதயம் வண்ணம் முடிந்து வரிசையில் நின்றன. வண்டி காத்திருந்தது. ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. மடமடவென்று புள்ளி வைத்து அனுப்பினேன். பத்து நாள் தூக்கம் கண்ணில் நிற்கிறது."

தெரிஞ்ச மாதிரி அடி என்றேன். அவளுக்குத் தெரிந்தது நான் சொல்லித் தந்தது. போகிறது சிவப்பு, வருகிறது நீலம். அவள் ஒரு குழாய்கூடத் தப்பாக அடிக்கவில்லை. நான் சொன்னபடியே அடித்திருக்கிறாள்.

புள்ளிக்கு வால் முளைத்தது ஏன் என்றும் புரிந்துவிட்டது. என் வால்தான்.

மார்ச் 12, புதன்

இரண்டு பக்கம். கிழித்தால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 13, வியாழன்

வேலைக்குப் போனேன். ஒரு இதயத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். வால்வுக்காரி எதிரில் இருந்தாள். திடீரென்று சொன்னாள், "அவ அடிச்சது எங்க எல்லாருக்கும் தெரியும். நாலு நாள் குனிஞ்ச தலை நிமிராம அடிச்சா."

"அன்னைக்குக் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட யார் சொல்றது?"

சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. உப்பு இல்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கப்பலிலிருந்து பேசினான். அவன் சத்தம் போடுவான் என்று தயாராக இருந்தேன். போட்டிருந்தால் நானும் நாலு போட்டிருப்பேன். "அக்கா, அவ அழறா" என்றான். "போன் பண்ணேன்னு சொல்றா. நீ வரலன்னு சொல்ற. நீ எதுக்கு அக்கா பொய் சொல்லப் போற? அவதான் ஏதோ குழப்பிக்கிறா போல. நான் அவகிட்டப் பேசறேன்."

போனை வைத்த பிறகும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். தன் பெண்டாட்டியை நம்பாமல் என்னை நம்புகிறான். நாளைக்கு முதலாளியும் அவளை நம்பப்போவதில்லை. அவளுக்கு அவளையே சந்தேகம் வந்துவிடும், போன் போட்டோமா இல்லையா என்று. போட்டடீ. நீ போட்ட. நான் பேசினேன்.

அவரிடம் என் நோட்டைக் காட்டினேன். முப்பது வருஷத்தில் அவரை இதைத் தொட விட்டதில்லை. வாசித்துவிட்டு மூடினார். "இதுல என்னைப் பத்தியும் எழுதியிருப்பியே" என்றார். பிறகு, "நாளைக்கு நான் கூட வரவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

முதலாளி மேஜைமேல் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்தேன். வாயால் சொல்ல முடியாது என்று தெரியும், அதனால் நோட்டையே கொண்டுபோனேன். விரலை வைத்து வரிவரியாக வாசித்தார்.

"இதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே" என்றார்.

"கிழிக்கலாம்னு நெனச்சேன்."

"திங்கட்கிழமை அவ இங்க வந்தா. நான்தான் அடிச்சேன், ஆனா முழுசா இப்ப சொல்ல மாட்டேன், அண்ணிகிட்டப் பேசிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து வந்து சொல்றோம்னா. அவங்க பேசவே மாட்டேங்கறாங்கன்னு அழுதா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கடிதம் வந்த அன்னைக்கு, அந்த டீச்சர் சொல்றது சரியான்னு பார்க்க மாதிரியைத் தேடினேன். என் பட்டறை. அலமாரி பூட்டியிருந்தது."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து வைத்தேன். அவர் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருந்தால் இன்னும் கேவலம்.

"செக்கிங் உங்ககிட்ட இனிமே இல்ல" என்றார்.

"தெரியும்."

"அவகிட்ட நான் சொல்லி அனுப்பட்டுமா?"

"நானே போறேன்."

பேருந்தில் போகவில்லை, நடந்தே போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தலைவலி, குழந்தை அழுகை, தூக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் கதவைத் தட்டும்போது எல்லாம் உதிர்ந்துவிட்டது.

கதவைத் திறந்தாள். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த வாசலிலும் எனக்கு அந்தச் சொல் கிடைக்காமல் போனதில்லை. செருப்போடு வெளியிலேயே நின்றேன்.

"நீ போன் போட்ட. நான்தான் பேசினேன். என் நோட்டுல இருக்கு. முதலாளிகிட்டக் காட்டிட்டேன். தம்பிகிட்டயும் சொல்லிடறேன். தப்பு என்னுது."

கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "போட்டேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அண்ணி. நேத்து போனை எடுத்து ஜனவரி மாசம் வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்த மாசத்துக் கால் எல்லாம் அழிஞ்சு போயிருந்துச்சு."

அழுதேன். நான் அழுவதை அவள் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், வாசலிலேயே.

"என்னை மன்னிச்சிடு" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பார்ப்போம்." டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அந்த நாலு சிரைக்கும் பின்னாடி பிரஷ் எப்படி நுழையுது? எனக்கு அடிக்க வரல. ஓரத்துல பெயிண்ட் தீத்திடுது."

"கைப்பிடியைப் பாதியா வெட்டின பிரஷ் ஒண்ணு இருக்கு."

"அதையும் அலமாரிலதான் வச்சிருந்தீங்களா?"

ஆமாம் என்றேன். ஒரு நொடி பார்த்தாள். "மாதிரியை மேஜைமேல வைங்க. நடுவுல. எல்லாரும் பார்க்கற மாதிரி. அப்ப வரேன்" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

மாதிரி இதயம் மேஜை நடுவில். ஆறு பேரும் சுற்றி நின்றார்கள். முன்பக்கத் தமனி நீலம், பின்பக்கச் சிரைகள் நாலும் சிவப்பு. ஏன் என்றும் சொன்னேன். குழாய் எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள், உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள் என்றேன். மொத்தமே ஐந்து நிமிஷம் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷம் பூட்டி வைத்தது ஐந்து நிமிஷம்.

"இவ்வளவுதானா?" என்றாள் வால்வுக்காரி. பூசணிக்காய் அளவு ரகசியம் என்று நினைத்திருப்பாள் போல.

சொட்டு சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டிருந்தாள், கையால் மூடாமல்.

மார்ச் 19, புதன்

நாற்பதையும் திருத்தி முடித்தேன். கல்லூரிக்கு நானே கடிதம் எழுதினேன், முதலாளி கையெழுத்துப் போட்டார். அந்த முப்பத்தொரு பிள்ளைகளுக்கு மதிப்பெண் திரும்பக் கிடைக்குமா? அதை எழுதிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

செக்கிங் சொட்டுக்கு.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அவள் என் நாற்காலியில் உட்காரும்போது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என்னைச் சிறுநீரக மேஜைக்கு அனுப்புவார் என்று காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பவில்லை. என்னை இங்கேயே விடச் சொன்னது சொட்டுதானாம், ஐந்து குழாய் என் கையிலேயே இருக்கட்டும் என்று. பரிதாபமா? இல்லை, பக்கத்தில் வைத்துப் பழி வாங்கவா? வீட்டில் அவரிடம் கேட்டேன். "வேலை தெரிஞ்ச ஆள் வேணும்னு இருக்கும்" என்றார். அவருக்கு எல்லாமே இவ்வளவுதான்.

ஏப்ரல் 2, புதன்

என்னோடு பேசுகிறாள். வேலைக்கு வேண்டியதை மட்டும். தம்பி பேசுவதே இல்லை. நான் கப்பலுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது.

ஏப்ரல் 9, புதன்

நான் இல்லாத நேரத்தில் மேஜையில் என்ன பேசுகிறார்கள் என்று கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று கேட்டேன். மஞ்சள் பெயிண்ட் சீக்கிரம் கெட்டியாகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றி இல்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது, என்னவென்று சொல்ல.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று சொட்டு ஒரு இதயத்தை என்னிடம் திருப்பித் தள்ளினாள். எல்லார் எதிரிலும்.

"அண்ணி, பின்பக்கம் பாருங்க."

கொதித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் என் கையிலிருந்து போனது ஒன்றும் என்னிடம் திரும்பியதில்லை. திரும்பியிருக்க முடியாது, சரிபார்த்ததும் நானேதானே. இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். சுரண்டியிருப்பாள், துடைத்திருப்பாள், எல்லாரும் பார்க்கட்டும் என்று காத்திருந்திருப்பாள். பேசாமல் எடுத்துத் திருப்பினேன்.

சிரைகள் மூன்று சிவப்பு. கீழே, அறையோடு ஒட்டினாற்போல் இருக்கும் நாலாவது, வெறும் பிளாஸ்டிக்காக வெளுத்துக் கிடந்தது. சுரண்டிய தடம் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், நகத்தால் பார்த்தேன். பெயிண்ட் அதன்மேல் பட்டதே இல்லை.

"விட்டுட்டேன்" என்றேன்.

யாரும் நிமிரவில்லை. வால்வுக்காரி வெள்ளை டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பாதி பிரஷ்ஷை எடுத்து அடித்தேன். சொட்டு கையை நீட்டி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி என்னிடமே கொடுத்தாள்.

"சரியா இருக்கு. இன்னும் காயல, அண்ணி. காஞ்சதும் கொடுங்க."

காயும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.